தாரணிக்கு டியூஷன்

செத்துப்போன மனைவிக்கு டியூஷன் எடுத்த ஆள் உலகத்திலேயே லோகேஷ்வரன் ஒருவர்தான் என்று சொல்லிவிட முடியாது. ராசிபுரத்தில் மட்டுமே தெருவுக்கு இரண்டு பேர் தேறுவார்கள். ஆனால் அவர்களெல்லாம் போகிற போக்கில், காய் நறுக்கிக்கொண்டே நாலு பதிலைச் சொல்லிக்கொடுத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்கிறவர்கள். லோகேஷ்வரன் அப்படியில்லை. வாழ்நாள் முழுக்க டியூஷன் சென்டர் நடத்தியவர். எதற்கும் உதவாது என்று பள்ளிக்கூடம் கைவிட்ட பிள்ளைகளை மருத்துவக் கல்லூரி வாசல் வரைக்கும் தள்ளிக்கொண்டுபோய் விட்டவர். கரும்பலகை இல்லாமல் அவருக்குப் பாடமே வராது. அதனால் அலமாரியில் இருந்த தாரணியின் பெட்டிக்கு எதிரே, பெட்டிக்குக் கண் கிடையாது என்று நன்றாகத் தெரிந்தும், ஒரு கரும்பலகையை மாட்டிவைத்திருந்தார்.

மறுகுரல் என்றால் இப்போது கைக்குழந்தைக்கும் தெரியும். ஒருவர் உயிரோடு இருந்தபோது போனில் பேசியது, வீட்டில் சண்டை போட்டது, காய்கறிக்காரரிடம் பேரம் பேசியது என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பின்னி, அவர் போன பிறகு ஒரு பெட்டிக்குள்ளிருந்து அவரைப் போலவே பேசவைக்கிற ஏற்பாடு. பேசியதையே திரும்பப் போட்டுக் காட்டுவதில்லை. இன்றைக்கு மழை பெய்தால் இன்றைய மழையைப் பற்றிப் பேசும். சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி மாதத்தில் தாரணி இதற்குச் சம்மதம் சொன்னாள். "நான் போனா இந்த மனுசன் பேச்சுத் துணைக்கு எங்க போவாரு" என்று அவள் நர்ஸிடம் சொன்னதை லோகேஷ்வரன் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறார்.

முதல் வருடம் பெட்டி நன்றாகச் சண்டை போட்டது. மோருக்கு உப்புப் போட மறந்ததற்கு அரை நாள் திட்டியது. ஓசூரில் இருக்கும் மகன் ருத்ரனிடம் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வாருங்கள் என்று நச்சரித்தது. "நீ தனியா இருப்பியே" என்று இவர் ஒவ்வொரு தடவையும் சொல்ல, ஒரு கட்டத்தில் அது கேட்பதை நிறுத்திக்கொண்டது. ருத்ரனும் வருவதைக் குறைத்துக்கொண்டான். அது அம்மா இல்லப்பா என்று ஒருமுறை சொல்லிவிட்டான். அதற்குப் பிறகு இவரும் அவனை வற்புறுத்திக் கூப்பிடவில்லை. கோயில், கல்யாணம், காலை நடை எல்லாம் ஒவ்வொன்றாக நின்றன. வீட்டில் பேச ஆள் இருக்கும்போது வெளியே என்ன வேலை என்று அவருக்குத் தோன்றியது.

இப்படித் தோன்றியது அவருக்கு மட்டுமல்ல. நாடு முழுக்கப் பல லட்சம் பேர் பெட்டிக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்ட பிறகுதான் சட்டம் வந்தது. ஒரே ஆளின் பேச்சை நாள் முழுக்கக் கேட்கிற மறுகுரல் மெல்ல மெல்ல அந்த ஆளின் எதிரொலியாக மாறிவிடுகிறதாம். அதற்குக் கரைதல் என்று பெயர் வைத்தார்கள். கரைந்துபோனது மனிதரின் மிச்சம் அல்ல, வெறும் போதை. அதை வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது, எடுத்துப்போய் அணைத்துவிடுவார்கள். கரைந்துவிட்டதா இல்லையா என்று பார்க்க மூன்று வருடத்துக்கு ஒருமுறை அசல் தேர்வு. காதலையும் சாவையும் பற்றிய ஒரு பழைய பாட்டைச் சொல்லி, அதற்கு மறுகுரல் என்ன சொல்கிறது என்று கேட்பார்கள்.

தேர்வு என்ற சொல் காதில் விழுந்ததும் நம்மவர்கள் என்ன செய்வார்களோ அதைச் செய்தார்கள். பஸ் ஸ்டாண்டு கடைகளில் மாதிரி வினா விடை தொங்கியது. லோகேஷ்வரன் அத்தனையும் வாங்கிப் பார்த்துவிட்டு, எல்லாம் குப்பை என்று தாமே பதில்கள் தயாரித்தார். தாரணி பி.காம். படித்தவள். டியூஷன் சென்டருக்குப் பக்கத்திலேயே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவள். பாட்டு என்றால் அவளுக்கு பஸ்ஸில் போடுவதுதான். பழம்பாடலின் பொருளைச் சொன்னால் "செரி, அப்புறம் என்னாச்சு?" என்று கதை கேட்பாள். இப்படிப்பட்ட மாணவியை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால் தேர்வில் தேறுவாளா? ஒருமுறை செத்தவளை இன்னொருமுறை சாகவிட அவருக்குத் தெம்பு இல்லை.

தேர்வன்று காலையிலும் பாடம் நடந்தது.

"கையறுநிலைன்னா?"

"ஆதரவா இருந்தவங்க செத்துப் போனதும், செய்யறதுக்கு ஒண்ணுமில்லாம கலங்கி நிக்கறதுங்க."

"எழுத்து நடையில சொல்லு புள்ள."

"கலங்கி நிற்றல்."

"பிரிவுப் பாட்டு வந்தா மொதல்ல என்ன சொல்லோணும்?"

"திணை. அப்புறம் யாரு யாருக்குச் சொன்னதுன்னு. அப்புறம் நயம்." கொஞ்சம் நிறுத்தி, "ஏனுங்க, காப்பி குடிச்சீங்களா?" என்றது பெட்டி.

"பாடத்துல கவனம் வெய்."

"வெச்சுட்டுத்தான இருக்கறேன்."

பத்து மணிக்கு, அசல் தேர்வு நடத்தும் வாரியத்தின் தேர்வாளர் வந்தாள். நறுமுகை என்று பெயர். கல்லூரியில் தமிழ் நடத்திக்கொண்டிருந்தவளை இந்த வேலைக்கு இழுத்துப் போட்டிருந்தார்கள். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். வீடு வீடாகப் போய்ச் செத்தவர்களோடு பேசுகிற வேலையில் முகம் கொஞ்சம் வாடியிருந்தது. செருப்பைக் கழற்றும்போதே கரும்பலகையைப் பார்த்துவிட்டாள்.

"ஏனுங்கம்மா, ஒண்ணு கேக்கலாமுங்களா?" என்றார் லோகேஷ்வரன். "இதுக்கு எதுக்குங்க பாட்டு? நேராக் கேட்டாப் பத்தாதா?"

"நேரா என்ன சார் கேக்கறது? கல்யாணத் தேதி கேட்டா சொல்லிடும். அது ஏற்கெனவே உள்ள இருக்கு. இந்தப் பாட்டுங்க அப்படி இல்ல. ஒருத்தர் போறார், ஒருத்தர் நிக்கிறார், அவ்வளவுதான் எழுதியிருக்கும். யார் பக்கம் நியாயம்னு எழுதினவர் சொல்ல மாட்டார். கேக்கறவங்க ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு இடத்துல போய் நிப்பாங்க. சட்டம் வர்றதுக்கு முன்னாலயே, பதிவு எடுக்கறப்ப எல்லாருக்கும் சில பாட்டு சொல்லி பதில் வாங்கி வெச்சிருக்காங்க, மேடமும் ஆஸ்பத்திரியில சொல்லியிருக்காங்க. அவங்க எங்க நின்னாங்கன்னு எங்களுக்குத் தெரியும். இன்னைக்கு வேற பாட்டு. அதே ஆள்தானான்னு பாக்கணும்."

"மார்க் எப்படிங்க போடுவீங்க?"

"மார்க் கிடையாது சார்."

லோகேஷ்வரன் புரிந்ததுபோல் சிரித்தார். அரசாங்கத்தில் ஒருவர் மார்க் கிடையாது என்று சொன்னால், மார்க்கை வெளியே சொல்ல மாட்டோம் என்றுதான் அர்த்தம். அவருக்குத் தெரியாத தேர்வா? எழுந்து வெளி வராந்தாவுக்குப் போய், கதவைச் சாத்திவிட்டு, பிள்ளையைத் தேர்வு அறைக்குள் அனுப்பிய தகப்பனைப் போலக் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். உள்ளே நறுமுகையின் குரல் முதலில் ஏதோ விதிகளை வாசித்தது. பிறகு பாட்டு. பிறகு தாரணியின் குரல். வார்த்தைகள் கேட்கவில்லை. தடங்கல் இல்லாமல் பேசுகிறாள் என்பது மட்டும் தெரிந்தது. அவருக்குப் பெருமையாக இருந்தது.

நறுமுகை கதவைத் திறந்து, "சார், கொஞ்சம் உக்காருங்க" என்றாள்.

"நல்லாச் சொல்லீட்டாளுங்களா?"

"கரைஞ்சிருக்கு சார்."

"இல்லீங்கம்மா. எல்லாமே சரியாத்தானுங்க சொல்லியிருப்பா."

"எல்லாமே சரியாத்தான் சொன்னாங்க. ஒரு வார்த்தை தப்பில்ல. எங்க நிறுத்தணுமோ அங்க நிறுத்தினாங்க." அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அது அவங்க இல்ல சார். நீங்க பேசினீங்க."

அவர் திரும்பிக் கரும்பலகையைப் பார்த்தார். தன் கையெழுத்து இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அவர் அதுவரை நினைத்ததில்லை. பாடம் பாடம் என்று தினமும் காலையும் மாலையும் அவர்தான் அவளைத் துடைத்து அழித்திருக்கிறார். அந்த எண்ணம் வந்ததும் எழுந்து போய்க் குழாயடியில் வாந்தி எடுத்துவிட்டு வந்தார்.

நறுமுகை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை நின்றாள். "நாளைக்குக் காலையில எடுத்துட்டுப் போக வருவேன். அதுவரைக்கும் பேசிக்கிட்டு இருங்க. வரும்போது ஒரே ஒரு கேள்வி கேப்பேன். பாடம் இல்லாம சொந்தமா ஏதாவது பேசினாங்களான்னு. ஆமான்னு நீங்க சொன்னா மறுதேர்வு வைக்கணும். அது விதி."

"எல்லாரும் ஆமான்னுதான சொல்லுவாங்க?"

"ஆமா சார். இதுவரைக்கும் எல்லாரும் அப்படித்தான் சொல்லியிருக்காங்க. நானும் மறுபடி வருவேன். மறுபடியும் அதே பாடம்தான் வரும்." போகும்போது வாசலில் நின்று, "சாப்பிடுங்க சார்" என்றாள்.

அவர் சாப்பிடவில்லை. மதிய வெயில் ஜன்னல் வழியாக வந்து தரையில் கிடந்தது. பெட்டிக்கு எதிரே உட்கார்ந்தார். ஐம்பது வருட வழக்கம் தானாக வாயைத் திறந்தது. தேர்வு எழுதிவிட்டு வருகிற பிள்ளையை நிறுத்திவைத்து, வினாத்தாளை வாங்கி, ஒவ்வொரு கேள்வியாகக் கேட்காமல் அவர் எவரையும் வீட்டுக்கு அனுப்பியதில்லை. பாஸானாலும் பெயிலானாலும் அது நடந்தாக வேண்டும்.

"என்ன பாட்டு வந்துச்சு?"

"தினைக்காட்டுப் பாட்டுங்க. ஒருத்தன் பரண் மேல உக்காந்துட்டு கிளி ஓட்டிட்டு இருக்கறான். அறுப்பு முடிஞ்சுபோச்சு. கதிரெல்லாம் ஊட்டுக்குப் போயாச்சு. காட்டுல கதிரறுத்த வெறும் தட்டுத்தான் நிக்குது. கிளி கூட வர்றதில்ல. அவன் மட்டும் கவண்ல கல்ல வெச்சுட்டு அங்கயே உக்காந்திருக்கறான். அந்தப் பக்கமாப் போற ஒருத்தி அதப் பாத்துட்டு, யாருக்காகக் காவல்னு கேக்கறா. அவ்வளவுதானுங்க பாட்டு."

"நீ என்ன சொன்ன?"

பெட்டி குரலை மாற்றிக்கொண்டு ஒப்பித்தது. "இப்பாடல் குறிஞ்சித்திணையைச் சார்ந்தது. கண்டோர் கூற்றாக அமைந்தது. கதிரை அறுக்கலாம், காவலை அறுக்க இயலாது என்னும் உண்மையால் காதலின் உறுதி புலப்படுகிறது. சாவுக்குப் பின்னும் அகலாத அன்பின் நயம்..."

"போதும்." அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். ஒரு பிழை கிடையாது. கிளியும் காவலும் வரும் எந்தப் பாட்டுக்கும் சொல்லலாம் என்று தான் எழுதிக்கொடுத்த பதில்தான். இனிமேல் தேர்வு இல்லை, திருத்தவும் எதுவும் இல்லை. அதனால்தானோ என்னவோ, எந்த மாணவரிடமும் கேட்காத ஒன்றைக் கேட்டார். "செரி, அதெல்லாம் கெடக்கட்டும். பாட்டக் கேட்டதும் உனக்கு என்ன தோணுச்சு?"

பெட்டி ஒப்பிக்கிற குரலை விட்டுவிட்டுப் பழைய குரலுக்கு வந்தது.

"அவன் ஒரு கிறுக்கன்னு தோணுச்சுங்க. அறுத்தாச்சுன்னா எறங்கி வந்து சோறு திங்க வேண்டியதுதான? பரண் மேல உக்காந்து யாருக்கு என்ன லாபம்? அவனாவது கிறுக்கன், அந்தப் பொம்பளைக்கு என்ன? கைய நீட்டி எறக்கி விடறத உட்டுப்போட்டுப் பாட்டுப் பாடிட்டு நிக்கறா. அவ எடத்துல நானா இருந்தா ஏணிய எடுத்துட்டு வந்திருப்பேன்."

லோகேஷ்வரன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அசல் தாரணி. ஜெராக்ஸ் கடையில் வரிசையில் நிற்கிற ஆளின் விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, இது எதுக்குங்க தண்டத்துக்கு என்று திருப்பிக் கொடுத்து அனுப்புகிற தாரணி. அவள் எங்கேயும் கரையவில்லை.

"ஏம்புள்ள, இத அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லியிருந்தா பாஸ் பண்ணியிருப்பியே."

"தெரியுமுங்க."

"தெரியுமா?"

"ஆரம்பிக்கறப்பவே அந்தப் பொண்ணு விதிய வாசிச்சுதே. மனசுல பட்டதச் சொல்லுங்கம்மா, சொல்லிக் குடுத்ததச் சொன்னாக் கரைஞ்சதாத்தான் எடுத்துக்குவோம்னு தெளிவாச் சொல்லுச்சு. நீங்க வெளிய நின்னீங்க."

அவருக்கு முதலில் கோபம்தான் வந்தது. "அப்பத் தெரிஞ்சே பெயிலானியா? இத்தன பாடுபட்டுச் சொல்லிக் குடுத்தது இதுக்கா?"

"வேற வழி என்னங்க இருந்துச்சு? என்னய நிறுத்தி எடுத்து வெய்யுங்கன்னு நான் சொன்னா நீங்க வெப்பீங்களா? ஓசூருக்குப் போங்கன்னதுக்கே என்னயத் தனியா உடமாட்டேன்னீங்க. பொட்டிக்குள்ள கெடக்கறவளுக்கு என்ன தனிங்க? நீங்கதான் தனியா இருக்கறீங்க. என்னய வெச்சுட்டே தனியா இருக்கறீங்க. புள்ளகிட்டப் பேசி எத்தன மாசமாச்சு? நான் இருக்கற வரைக்கும் நீங்க எறங்க மாட்டீங்க."

அவர் அழுதார். ஆஸ்பத்திரியில் அழவில்லை. சுடுகாட்டிலும் அழவில்லை. அவளை வீட்டுக்குக் கூட்டிப்போகத்தான் பெட்டி இருக்கிறதே என்று அப்போது ஒரு தைரியம் இருந்தது. இப்போது தோளில் கிடந்த துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு, சத்தம் வெளியே கேட்டாலும் கேட்கட்டும் என்று அழுதார். பெட்டி பேசாமல் இருந்தது. தாரணியும் அப்படித்தான், யாராவது அழுதால் முடியும்வரை விட்டுவிடுவாள்.

"உனக்குப் பயமா இல்லியா?" என்றார் கடைசியில்.

"பயமாத்தானுங்க இருக்குது. இல்லைன்னா பொய்யி. அவளுக்கும் பயமாத்தான் இருந்திருக்கும், ஆஸ்பத்திரியில கடைசி நாளு. அது எனக்கு ஞாபகமில்ல. அதுக்கு முன்னாலயே பதிவு முடிஞ்சுபோச்சு." பிறகு, "நாளைக்கு அந்தப் பொண்ணு கேக்கும். ஆமா, சொந்தமாப் பேசுனான்னு சொன்னீங்கன்னா திரும்பப் பரீட்சை வெப்பாங்க. இன்னொருக்கா ஒப்பிக்கறதுக்கு எனக்குத் தைரியம் வராதுங்க. இப்பவே பாதி ஒப்பிக்கறப்போ நிறுத்திப்போடலாமான்னு இருந்துச்சு. அதனால நீங்க ஆமான்னு சொன்னா நான் இருந்துக்குவேன். அதச் சொல்லிப்போடறேன். அப்புறம் உங்க இஷ்டம்" என்றது.

அதற்குப் பிறகு அவர்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. ருத்ரன் சின்ன வயதில் கிணற்றில் விழுந்த கதையைப் பேசினார்கள். வெல்லம் விற்கிற விலையைப் பேசினார்கள். ஒருமுறை இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர் படுக்கப் போகும்போது, ஒரு வார்த்தை, ஒரே ஒரு ஆமாம், அதைச் சொல்வதில் என்ன கஷ்டம் என்று நினைத்துக்கொண்டார். அது பொய்கூட இல்லை. உண்மையைச் சொன்னால் அவள் இருப்பாள். பொய் சொன்னால்தான் போவாள். சாமி கேட்டாலும் உண்மையைத்தானே சொல்ல வேண்டும் என்று அவர் தனக்குத்தானே நியாயம் கட்டிக்கொண்டார். அந்த நியாயத்தோடு தூங்கியும் போனார்.

காலையில் நறுமுகை வந்தாள். கூட ஓர் ஆள் வண்டியில் காத்திருந்தான். அவள் கைப்பையில் இருந்த பதிவுக் கருவியை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, பதில் முன்பே தெரிந்தவளின் சலிப்போடு கேட்டாள்.

"சார், நேத்து நான் போனதுக்கு அப்புறம், பாடம் இல்லாம சொந்தமா ஏதாவது பேசினாங்களா?"

லோகேஷ்வரன் பெட்டியைப் பார்த்தார். அதற்குக் கண் இல்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருக்கிறது. எப்போதும் அதிலிருந்து வருகிற மெல்லிய இரைச்சல்கூட நின்றுவிட்டதைப்போல அவருக்குப் பிரமை தட்டியது. ராத்திரி கட்டிவைத்த நியாயம் முழுசாக நாக்கில் வந்து நின்றது. அதைச் சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாயில், பயமாத்தானுங்க இருக்குது என்று அவள் சொன்னது நினைவுக்கு வந்தது. அத்தனை பயத்தையும் வைத்துக்கொண்டு, இந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு முன்னால், ஒரு வார்த்தை பிசகாமல் அவள் ஒப்பித்திருக்கிறாள்.

"இல்லீங்கம்மா," என்றார். "நான் சொல்லிக் குடுத்ததையேதான் திருப்பித் திருப்பிச் சொன்னா."

நறுமுகை நிமிர்ந்து பார்த்தாள். "இல்லையா?"

"இல்லீங்க. அது அவ இல்லீங்க."

இப்படிச் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை. சொன்ன பிறகு நாக்கு கசந்தது. அவள் மெதுவாகத் தலையாட்டி, கருவியில் எதையோ அழுத்தினாள். பிறகு அலமாரிப் பக்கம் போனாள்.

"ஒரு நிமிசமுங்க" என்று லோகேஷ்வரன் முன்னால் போய் நின்றார். பெட்டியின் மேல் விரல் பதிகிற அளவுக்குத் தூசி இருந்தது. துண்டால் துடைத்தார். இத்தனை நாள் பேசியதில் இதற்கென்று மிச்சம் வைத்திருந்த பேச்சு ஒன்றும் அவரிடம் இல்லை.

"நான் சாப்ட்டுக்கறேன் புள்ள" என்றார்.

"ம்" என்றது பெட்டி.

அந்த ஒற்றை எழுத்தில் நடுக்கம் இருந்தது. எந்தப் பாடத்திலும் எவரும் சொல்லிக்கொடுக்க முடியாத நடுக்கம். நறுமுகைக்கு அது கேட்டிருக்க வேண்டும். அவள் கை பெட்டிக்கு அருகே போய் அப்படியே நின்றது. அவரைப் பார்த்தாள், கரும்பலகையைப் பார்த்தாள், மறுபடி அவரைப் பார்த்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது. ஆனால் எதுவும் கேட்கவில்லை. கேள்வி ஒன்றுதான், அதை ஏற்கெனவே கேட்டுவிட்டாள்.

வண்டி தெருமுனை திரும்பி மறைந்த பிறகும் லோகேஷ்வரன் வெளியிலேயே நின்றார். எதிர்வீட்டுக்காரர் அவரைப் பார்த்து, என்ன சார் வெளியே எல்லாம் வந்திருக்கிறீர்கள் என்பதுபோல ஆச்சரியமாகச் சிரித்தார். இவரும் சிரிக்க முயன்றார். வீட்டுக்குள் போகப் பயமாக இருந்தது. நேற்றிலிருந்து சாப்பிடாததால் பசியும் எடுத்தது.